ஜமாலுக்கு எந்த வண்டி?

டங்.

பெரிய சத்தம் இல்லை. ஆனால் கார்பார்க் வாசலில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை சாயந்திரம். சிங்கப்பூரில், மார்சிலிங்கில் எங்கள் பிளாக்கை ஒட்டி, எங்கள் ஜன்னலுக்குக் கீழே மல்டி ஸ்டோரி கார்பார்க் இருக்கிறது. நுழையும் இடத்தில் ஒரு மஞ்சள் கம்பி சங்கிலியில் தொங்கும். உயரம் எழுதியிருக்கும் — 2.1 மீட்டர். அந்தக் கம்பியில் ஜமாலின் புது வண்டி முட்டிக்கொண்டு நின்றது. வண்டி முட்டவில்லை. அதன் தலைமேல் இருந்த சாமான் பெட்டி முட்டியது.

ஜமால் இறங்கினான். மேலே பார்த்தான். "அலாமாக்" என்றான். மலாயில் ஐயோ.

பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடித்தன. சைக்கிளில் வந்த ஒரு சீனப் பெரியவர் நின்றார். கம்பியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போனார். ஜமாலின் மனைவி நூர்ஜஹான் உள்ளே உட்கார்ந்தபடி முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் பக்கத்தில் என் மனைவி சரோஜா, கையில் கேசரி டப்பாவோடு. புது வண்டி வருகிறது என்று நாங்கள் இருவரும் கீழே இறங்கி வந்திருந்தோம்.

"யாராச்சும் பார்த்து வாங்கியிருக்கலாம்ல" என்றாள் சரோஜா, மெதுவாக.

பார்த்துத்தான் வாங்கினான். பார்த்தவன் நான்.

கம்பி எவ்வளவு உயரம், பெட்டியோடு வண்டி எவ்வளவு உயரம் — இரண்டும் எனக்கு முன்பே தெரியும். இடிக்கும் என்றும் தெரியும். சொல்லவில்லை.

ஏன்? அதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கிரேன் லாரி ஓட்டுகிறேன். காலையில் துவாஸ், சாயந்திரம் மார்சிலிங். ஜமாலைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. அதற்கும் காரணம் இதுதான் போலிருக்கிறது.

ஒரே பிரைமரி ஸ்கூல். ஒரே பெஞ்சு. நான் பாதியில் நின்றேன். அவன் நிற்கவில்லை. இப்போது அவனுக்குத் தேக்காவில் இரண்டு பாத்திரக் கடை. எனக்கு ஒரு லாரி... அதுவும் முதலாளியுடையது. வீடு மட்டும் இரண்டு பேருக்கும் மார்சிலிங்தான். எதிர் எதிர் பிளாக்.

எதை முடிவு செய்வதென்றாலும் ஜமால் என்னைக் கூட்டிக்கொண்டு போவான். முதல் கடைக்கு இடம் பார்க்கப் போனபோது நான் கூட இருந்தேன். பெண் பார்க்கப் போனபோதும் இருந்தேன். எங்களுக்குள் ஒரு வழக்கம். பிடிக்கவில்லை என்றால் நான் 'ம்ஹூம்' என்பேன். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். நாற்பது வருஷமாக இப்படித்தான்.

"முத்து வாயத் தொறக்கலன்னா முடிஞ்சது லா. கையெழுத்து போட்டுரலாம்" என்று எல்லோரிடமும் சொல்வான்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

ஜமாலுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும். எல்லை தாண்டி மலேசியாவில், ஜோகூரில் ஒரு ஆற்றங்கரை தெரியும் அவனுக்கு. அங்கே போக எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள் மண் பாதையில் போக வேண்டும். மழை பெய்தால் சாதாரணக் கார் மாட்டிக்கொள்ளும். அதனால் காட்டிலும் ஓட வேண்டும், தினமும் தேக்காவுக்கும் ஓட வேண்டும், அப்படி ஒரு வண்டி வேண்டும் என்றான். உபி வட்டாரத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருந்தான். வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டான்.

வண்டிகளின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சின்னது, பெட்டி மாதிரி இருக்கும். மூன்று கதவு. பச்சை நிறம். பெரியது ஐந்து கதவு, முதுகில் ஸ்பேர் டயர். அது பக்கத்தில் வந்து நின்றால் மற்ற கார்கள் எல்லாம் பொம்மை மாதிரி தெரியும்.

இரண்டையும் நான்தான் ஓட்டினேன். உபியிலிருந்து எக்ஸ்பிரஸ்வே, அங்கிருந்து லிம் சூ காங் பண்ணைப் பக்கம். இந்தத் தீவில் கொஞ்சமாவது குண்டும் குழியும் வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். சேற்றில் மட்டும் இறக்கக் கூடாது என்று சேல்ஸ்மேன் கறாராகச் சொல்லிவிட்டான். சேற்றுக்காகவே செய்த வண்டி. சேறு படக் கூடாதாம்.

எக்ஸ்பிரஸ்வேயில் பெரியதுதான் ராஜா. வீட்டு ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெளிச் சத்தம் இல்லை. மிதித்தால் உடனே போகிறது. சின்னது தொண்ணூறைத் தொட்டதும் அழ ஆரம்பித்துவிட்டது. காற்றுச் சத்தத்தில் ஜமால் பேசியது பாதி காதில் விழவில்லை. ஹம்ப் ஏறினால் பெரியது விழுங்கிவிடுகிறது. சின்னது தூக்கிப் போடுகிறது.

அப்படியென்றால் பெரியது நல்ல வண்டியா?

அவசரப்பட வேண்டாம்.

சேறு எனக்குத் தெரியும். சைட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை டயர் புதையும். அங்கே அதை யாரும் அட்வென்ச்சர் என்று சொல்வதில்லை. லேட் என்றுதான் சொல்வார்கள். புதைந்து புதைந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான் — இளகின மண்ணில் முதலில் இறங்குவது கனமான வண்டி. பெரியதுக்குப் பலம் அதிகம், ஆழமான தண்ணீரில் போகும், எல்லாம் உண்மை. ஆனால் தனியாகத் தோட்டத்துக்குள் போய்ப் புதைந்தால் அதை இழுக்க இன்னொரு பெரிய வண்டி வர வேண்டும். சின்னது எடை குறைவு. இரண்டு பேர் தள்ளினால் வந்துவிடும்.

அது மாதத்தில் ஒரு நாள் கதை. மற்ற நாள்?

ஜமாலின் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கேதான் சாமான் இறக்குவான். சின்னது அதில் ஒரே திருப்பில் திரும்பும். பெரியது திரும்பாது. தேக்கா கார்பார்க்கில் பெரியதை நிறுத்தினால் கதவைப் பாதிதான் திறக்க முடியும். அப்புறம் நூர்ஜஹான். போன வருஷம் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டவர். பெரியதன் படி அவர் முட்டி உயரத்துக்கு இருந்தது.

சின்னதிலும் குறை உண்டு. சாமான் வைக்க இடம் இல்லை. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்ட வீட்டில் இரண்டு பேருக்கு எத்தனை சீட் வேண்டும்?

ஆக, ஜமாலுக்குச் சின்னதுதான். லிம் சூ காங்கிலிருந்து திரும்பி வரும்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அது என் வண்டி.

என் பேரில் இல்லை. என் பேரில் எந்த வண்டியும் இருந்ததில்லை. இந்த ஊரில் கார் வாங்குவதற்கு முன்னால் அதை வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும். அதற்கே என் பலம் போதாது. ஆனாலும் அந்தப் பெட்டி வண்டி ரோட்டில் போனால் நான் திரும்பிப் பார்ப்பேன். பத்து வருஷமாகப் பார்க்கிறேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சரோஜா இடிப்பாள். "உங்க வண்டி போகுது பாருங்க." எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'உங்க வண்டி'தான்.

இது ஜமாலுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் மெல்லிசாக இருந்தது. கியரை மாற்றினால் கைக்குள் விழுந்தது. முன்னால் பானெட்டின் இரண்டு மூலையும் கண்ணுக்குத் தெரிந்தது. உபியில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, சாவியைத் திருப்பி அணைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கடை வாசலில் ஜமால் என்னைப் பார்த்துக் கேட்டான். "பெருச எடுத்துரவா? மேல ரேக்கு, பெட்டி எல்லாம் சும்மாவே மாட்டித் தர்றானாம்."

நான் வண்டியின் கூரையைப் பார்த்தேன். லாரிக்காரனுக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் உயரம்தான் கண்ணில் படும். பாலம், மரக்கிளை, தொங்கும் கம்பி... உயரம் தெரியாதவன் இந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். வண்டி 1.97. ரேக்கும் பெட்டியும் முப்பது சென்டி. எங்கள் கார்பார்க் கம்பி 2.1.

ம்ஹூம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

'ம்ஹூம்' சொன்னால் அவன் சின்னதை வாங்குவான். தினமும் அது எங்கள் பிளாக்குக்குக் கீழே நிற்கும். சரோஜா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பழக்கத்தில் 'உங்க வண்டி' என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொள்வாள்.

அதை என்னால் தாங்க முடியாது என்று பட்டது. பேசாமல் நின்றேன்.

"முடிஞ்சது லா" என்றான் ஜமால். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான்.

எனக்கே இது ஆச்சரியமாக இருக்கிறது. துவாஸ் ரோட்டில் தினமும் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் என்னை முந்திப் போகின்றன. ஒன்றும் தோன்றாது. அவன் யாரோ, அவன் கார் என்னவோ. ஆனால் கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒரு படி மேலே ஏறினால், வயிற்றில் எங்கேயோ பற்றிக்கொள்கிறது. அவன் இரண்டாவது கடை திறந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

வண்டி பார்த்த அன்று வீட்டுக்கு வந்ததும் சரோஜா கேட்டாள்.

"அவருக்கு எந்த வண்டி சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அதத்தான் கேக்குறேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கம்பியில் இடித்த பெட்டியை மறுநாளே கழற்றிவிட்டான் ஜமால். ஓரமாகக் கீறல் விழுந்திருந்தது. வண்டி உள்ளே போய்விட்டது. அவன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் நான்கு பேரும் ஜோகூர் பாருவுக்குத் தோசை சாப்பிடக் கிளம்பினோம். நூர்ஜஹான் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்தார். அதைத் தரையில் போட்டார். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். நின்றார். மூச்சு வாங்கினார். அடுத்த காலை வைத்தார். ஏறி உட்கார்ந்த பிறகு ஜமால் ஸ்டூலை எடுத்துப் பின்னால் போட்டான். இரண்டு பேரும் இதைப் பேசாமலே செய்தார்கள். பழகிவிட்டது போல.

சரோஜா என்னவோ கேட்டிருக்க வேண்டும். நூர்ஜஹான் முன் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னார். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். அண்ணன் பார்த்துச் சொன்ன வண்டி, தப்பா போகாது."

ஜோகூர் போய்த் திரும்பும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தேக்காவுக்குப் போனேன். ஜமால் கடையில் இட்லிப் பானை அடுக்கிக்கொண்டிருந்தான். பெரிய வண்டி பின் சந்துக்குள் வராததால், தூரத்துக் கார்பார்க்கிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அந்தப் பெரிய வண்டி உனக்குச் சரிப்படாதுடா. அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கம்பி இடிக்கும். நூரால ஏற முடியாது. சந்துல திரும்பாது. சின்னதுதான் உனக்குச் சரி."

பானையைக் கீழே வைத்தான். "அப்ப ஏன் சொல்லல?"

"சின்னது எனக்கு வேணும்."

அவனுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். பத்து வருஷமாக வேண்டும் என்று சொன்னேன். அவன் வாங்கி எங்கள் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினால் தினமும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். பொறாமை என்ற வார்த்தையையும் சொன்னேன். வாயில் வர நேரம் எடுத்தது.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமல், அடுக்கி வைத்த பானைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இதுக்கு முன்னாடி எதெதுக்கெல்லாம் பேசாம இருந்தே, முத்து?"

வண்டியைப் பற்றிய கேள்வி இல்லை அது.

நாற்பது வருஷமாக என் மௌனத்தை நம்பிக் கடை எடுத்தான். கல்யாணம் செய்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தான். ஒரே ஒரு தடவை அதில் பொய் கலந்துவிட்டேன். இப்போது அவனுக்கு எல்லாமே சந்தேகம். எது நிஜச் சம்மதம், எது வயிற்றெரிச்சல் என்று அவன் எப்படிப் பிரிப்பான்? அதைப் பிரித்துக் காட்டவும் என்னிடம் பேச்சு இல்லை. மௌனத்துக்கு ஏது சாட்சி?

அன்று நான் பேசினேன். என் ஆயுசில் அவ்வளவு பேசியதில்லை.

முதல் கடை — மூலைக் கடை, இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம், அதனால்தான் பேசாமல் இருந்தேன். மகளின் மாப்பிள்ளை — நாம் போயிருந்தபோது அவன் தன் தட்டைத் தானே கழுவினான், நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இரண்டாவது கடை — அதற்கு வயிறு எரிந்தது, நிஜம். ஆனால் கடை நல்ல கடை. பேசாமல் இருந்ததில் பொய் இல்லை.

நூர்ஜஹானிடம் வந்தபோது ஜமால் நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னைக்கு அவங்க வீட்ல எல்லாரும் என்னை டிரைவர்னு நினைச்சாங்க. நூர் தண்ணி எடுத்துட்டு வந்து மொத கிளாஸ எனக்குத்தான் குடுத்துச்சு. வெயில்ல வந்திருக்கார்னு சொல்லிச்சு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

ஜமால் ஒரு பானை மூடியை எடுத்துத் துணியால் துடைத்தான். கடைக்கு வந்தவர்கள் விலை கேட்டார்கள். அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சரி, நீ போ" என்றான் கடைசியில்.

பதினோரு நாள் போன் வரவில்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவன் அவன். பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பதினோரு நாளில் தெரிந்துகொண்டேன். லாரியில் போகும்போது போனை டேஷ்போர்டிலேயே வைத்திருந்தேன். ஒரு நாள் சரோஜா, நூர்ஜஹானோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், துவாஸில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு போட்டோ வந்தது. அதே பச்சை வண்டி. உபியில் இன்னும் விற்காமல் நின்றிருக்கிறது. பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எடுத்தால் நஷ்டம்தான். எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை.

போட்டோவுக்குக் கீழே குரல் பதிவு. கேட்டேன்.

"இத எடுக்கலாம்னு இருக்கேன் டா. எடுத்தா உன் ஜன்னலுக்குக் கீழதான் நிக்கும், நூறு தடவ யோசிச்சுக்க. இனிமே நீ பேசாம இருந்தா வேணாம்னு அர்த்தம். வேணும்னா வாயத் தொறந்து சொல்லு."

சட்டத்தையே திருப்பிப் போட்டுவிட்டான்.

பேசாமல் இருந்தால் போதும். இந்தத் தடவை அது பொய்கூட ஆகாது. அவனே கொடுத்த வசதி. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் கை காட்டிக் கூப்பிட்டார். கிரேன் கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் ஸ்டூலில் ஒரு காலை வைத்து மூச்சு வாங்கியது ஞாபகம் வந்தது.

"வாங்கு" என்று பதிவு செய்து அனுப்பினேன். என் குரலை நானே திரும்பக் கேட்டேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

போன வாரத்திலிருந்து அது எங்கள் பிளாக்குக்குக் கீழே நிற்கிறது. நூர்ஜஹான் ஸ்டூல் இல்லாமல் ஏறுகிறார். நான் தினமும் காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.